இருமொழி நூலகத்துக்கு ஸ்டோரிவீவர்: எதற்கு உதவும், எங்கே கவனம் வேண்டும்

குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தை இலவசக் கதைப்புத்தகக் கிடங்காகத்தான் பல பள்ளிகள் பார்க்கின்றன. நூலகருக்கு அதன் பெரிய பலன் வேறு. ஒரே கதை, அதே படங்களுடன், பக்கப் பிரிப்பு மாறாமல் பல மொழிகளில் கிடைக்கிறது. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் உண்டு. திருப்பூரில் இந்தியோ ஒடியாவோ பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளை படிக்கும் அதே கதையை அவர்கள் கையிலும் அவர்கள் மொழியில் கொடுக்க முடிகிறது. கடையில் வாங்கித் தீர்க்க முடியாத தேவை இது.

உரிமம் தெளிவானது. கதைகள் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 என்ற திறந்த உரிமத்தின் கீழ் வருகின்றன. அச்சிடலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம். எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களைச் சொல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிடிஎஃப்-இன் கடைசியில் வரும் அந்த விவரப் பக்கத்தைத் தாள் மிச்சம் என்று பிரிண்ட் எடுக்காமல் விடுவது பல இடங்களில் நடக்கிறது; அது உரிம மீறல். சொல்லை மாற்றியிருந்தால் 'மாற்றம் செய்யப்பட்டது' என்று ஒரு வரியும் சேருங்கள்.

தேடும்போது மொழியை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து வெளியிடலாம் என்பதால் தரம் ஏறி இறங்கும். ஒரே கதைக்கு இரண்டு தமிழ் வடிவங்கள்கூட இருக்கும். பதிப்பகம் என்ற வடிகட்டியையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பதிப்பாசிரியர் பார்த்த நூல்கள் முதலில் கிடைக்கும். தனியாள் மொழிபெயர்ப்பைத் தள்ளிவிட வேண்டியதில்லை. முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில்தான் ஆங்கில வாக்கிய அமைப்பு ஒளிந்திருக்கும். ஒற்றுப்பிழை, நடுவில் மாறிவிடும் காலம், நீ-நீங்கள் குழப்பம் மூன்றையும் தனியாகப் பாருங்கள்.

இந்தத் தளத்தில் நூலகர் மிகவும் சோதித்துப் பார்க்க வேண்டியது நிலைப் பிரிப்பு. நான்கு நிலைகள் உள்ளன: 250 சொற்கள் வரை முதல் நிலை, 600 வரை இரண்டாவது, 1500 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. சொல்லெண்ணிக்கை தமிழுக்குச் சரியான அளவுகோல் அல்ல. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதால் தமிழ் வடிவத்தில் சொற்கள் குறையும், ஒவ்வொரு சொல்லும் நீளும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குச் சுமை சொல்லின் நீளத்தில்தான் இருக்கிறது. ஆகவே தளம் முதல் நிலை என்று போட்டிருக்கும் தமிழ் நூல் உண்மையில் இரண்டாம் நிலையாக இருக்கலாம். ஏதாவது மூன்று பக்கங்களைத் திறந்து, ஏழு எழுத்துக்கு மேற்பட்ட சொற்களை எண்ணுங்கள். பக்கத்துக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் ஒரு நிலை ஏற்றி வையுங்கள். இது ஒரு கைக்கணக்குதான், ஆனாலும் அட்டையில் போட்ட எண்ணைவிட நம்பலாம். நிலையைக் காட்ட நிற ஒட்டு போடுவதாக இருந்தால், ஆங்கிலப் பிரதிக்கும் தமிழ்ப் பிரதிக்கும் வெவ்வேறு நிறம் வந்தால் வரட்டும். ஒரு பிள்ளை இரு மொழியிலும் ஒரே நிலையில் இருப்பது அரிது.

அச்சிடுவதில் வீணாவது பெரும்பாலும் பக்க வடிவத்தைப் பார்க்காததால். நெடுக்குவாட்டு நூலென்றால் ஏ4 தாளில் இரு பக்கமும் புக்லெட் முறையில் எடுத்து, நடுவே மடித்து, நீளக்கை ஸ்டேப்ளரால் இரண்டு பின் அடிக்கலாம். மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும்; குறைந்தால் கடைசி அட்டைக்கு முன் வெற்றுப் பக்கம் சேருங்கள். பிரிண்ட் அமைப்பில் 'ஷார்ட் எட்ஜ்' என்று தேர்ந்தெடுக்காவிட்டால் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் தலைகீழாக வரும். கிடைமட்ட நூலை இப்படி மடித்தால் எழுத்து சுருங்கிப் படிக்க முடியாமல் போகும். அதை ஏ4 கிடைமட்டமாகவே எடுத்து, இடப்பக்கம் ஸ்பைரல் போடுவது நல்லது. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) தாளில் மறுபக்கப் படம் தெரியும். உள்ளே 100 ஜிஎஸ்எம், அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் வேண்டும்.

தமிழ் வரிகளைத் தனியாக எடுத்து ஒட்டுச்சீட்டு தயாரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து சிதையலாம். தளத்தில் திறந்திருக்கும் பக்கத்திலிருந்து எடுங்கள், இல்லையென்றால் தட்டச்சு செய்துவிடுங்கள்.

தமிழ், ஆங்கிலம் இரண்டு பிரதியும் தயாரானபின் வாசிப்பு நேரத்தில் பரவலாக நடக்கும் தவறு, ஒரு வரி ஆங்கிலம், உடனே அதற்குத் தமிழ் என்று மாற்றி மாற்றிப் படிப்பது. இரண்டே பக்கத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆங்கிலம் ஓடும்போது காதை மூடிக்கொண்டு தமிழுக்குக் காத்திருப்பார்கள். மொழிகளைப் பிரித்து வையுங்கள். முதலில் படங்களைக் காட்டித் தெரிந்த மொழியில் ஐந்து நிமிடம் பேச்சு. பிறகு கற்கும் மொழியில் கதை முழுவதும், இடையில் மொழிபெயர்ப்பு இல்லாமல். கடைசியில் மீண்டும் தெரிந்த மொழியில் கேள்வியும் பதிலும். தமிழ்ப் பிரதி அன்று வீட்டுக்குப் போகட்டும்; ஆங்கிலம் தெரியாத அம்மாவோ தாத்தாவோ படித்துக் காட்ட முடியும். வீட்டுமொழியில் பொருள் பிடிபட்ட கதையை இரண்டாம் மொழியில் படிக்கும்போது குழந்தை சொல்லை மட்டும் கற்றால் போதும், கதையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

சென்னை தூலிகா பதிப்பகத்தின் தமிழ்–ஆங்கில நூல்கள் ஒரே பக்கத்தில் இரு மொழியையும் தருகின்றன. கட்டுமானம் உறுதி, மொழியில் அக்கறை தெரியும். பெற்றோரோடு சேர்ந்து படிக்க அவையே மேல். தனியே படிக்கும் பிள்ளையின் கண் பழகிய மொழிக்கே ஓடிவிடும் என்பதால், அந்த நேரத்துக்குத் தனித்தனிப் பிரதிகள் பொருந்தும். நிதி இருக்கும் நூலகம் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

பதிவேட்டில் இணைப் பிரதிகளுக்கு ஒரே எண் கொடுத்து, பின்னால் 'த', 'ஆ' என்று சேருங்கள். தெலுங்கு வந்தால் 'தெ'. ஒரே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், ஆனால் தனித்தனியாக எடுத்துப்போக விடுங்கள். எந்த மொழிப் பிரதி அதிகம் வெளியே போகிறது என்பது அப்போதுதான் பதிவில் தெரியும். அடுத்த முறை எதை அச்சிடுவது என்று அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யலாம்.