ஐஸ் பெட்டியில் போன சாம்பிளும் என் 38,500 ரூபாயும்

ரெண்டாவது ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி மூன்று வருஷம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்பதுதான் முதல் கேள்வி. மனைவிக்கு எல்லா டெஸ்டும் நார்மல். அடுத்து என் முறை, விந்தணு டெஸ்ட். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டப்பாவோடு நிற்கக் கூச்சப்பட்டு, வீட்டுக்கே வந்து சாம்பிள் வாங்கிப்போகும் ஆன்லைன் சேவை ஒன்றில் பதிந்தேன். ஆண்கள் ஆரோக்கியம் என்று போனைத் திறந்தாலே விளம்பரம் வருமே, அந்த ரகம்.

காலை 8 மணிக்கு ஒரு தம்பி வந்தார். தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஐஸ் பேக். டப்பாவை அதன் மேல் பதமாக வைத்து மூடினார். என்ன அக்கறை என்று நினைத்தேன்! லேபுக்குப் போய்ச் சேர்ந்த நேரம் 12.40 என்று ரிப்போர்ட்டிலேயே இருந்தது. அதை யார் பார்த்தது? என் கண்ணில் பட்டது சிவப்பு எழுத்துதான். விந்தணு மில்லிலிட்டருக்கு 90 லட்சம், அவற்றில் அசைவு 8 சதவீதம்.

அரை மணியில் அந்தச் சேவையிலிருந்து போன். "அண்ணா, மனசை விட்டுடாதீங்க. வீட்லகூட சொல்ல வேணாம். நாம மூணு மாசத்துல சரி பண்ணிடலாம்." அந்த 'நாம'வில் விழுந்தேன். நீங்கள் டாக்டரா என்று நான் கேட்கவில்லை. சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று அவரும் கேட்கவில்லை. கார்டில் 38,500 ரூபாய் கட்டினேன். வந்தது நான்கு டப்பா பொடி. பாலில் போட்டால் கரையாமல் கட்டி கட்டியாக மிதக்கும். இரண்டு நாள் குடித்தேன்.

மனசு கேட்காமல் அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஐஸ் பெட்டி என்றதும் டாக்டர் சிரித்துவிட்டார். உடம்புச் சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் பார்க்க வேண்டியதாம். நாலரை மணி நேரத்துக்கு மேல் குளிரில் கிடந்தால் எது அசையும்? கவுண்ட், அதாவது எண்ணிக்கை, குறைந்ததற்கு வேறு காரணம். டெஸ்டுக்கு ஒன்றரை மாதம் முன்பு டெங்குவில் படுத்திருந்தேன். விந்தணு உருவாகவே எழுபது நாளுக்கு மேல் ஆகும், காய்ச்சலின் அடி பிறகுதான் தெரியும் என்றார். பொடியை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்து, மூன்று நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு, அங்கேயே கொடுத்தேன். 4.1 கோடி, அசைவு 52 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கீழ் எல்லை 1.6 கோடி, 42 சதவீதம்.

பொடி விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பாத்தீங்களா அண்ணா, நம்ம பொடி வேலை செய்யுது!" இரண்டு நாள் குடித்ததற்கா? அப்புறம் அந்த நம்பர் எடுப்பதே இல்லை. கஸ்டமர் கேரில் ஒருவர் "ஏழு வேலை நாள்" என்றார், அடுத்தவரும் அதே ஏழு நாள், மூன்றாமவர் "டப்பா திறந்தா ரீஃபண்ட் கிடையாது சார்." 38,500 சார், 38,500!

என்னென்ன கவனிக்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, லேபிலேயே கொடுங்கள். ஒரே ரிப்போர்ட்டில் முடிவு கட்டாதீர்கள். டெஸ்ட் எடுப்பவரே மருந்தும் விற்றால் போனை வைத்துவிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். புகார் எண் வந்துவிட்டது, பணம் வரவில்லை.