மனை இருக்கிறது, ரோடு எங்கே? லீவில் வேலூர் வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து மூன்று வார லீவில் ஊருக்கு வந்து, ஐந்தாறு வருடத்துக்கு முன் வாங்கிப் போட்ட மனையைப் பார்க்கப் போனால் எல்லைக்கல் இருக்கும், வேலிகாத்தான் இருக்கும், ரோடு இருக்காது. காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே புலம்பல்தான். மனை பிரித்து விற்ற புரமோட்டரைக் கேட்டால், "ரோட்டை தானம் எழுதிக் கொடுத்தாச்சு சார், பஞ்சாயத்தைக் கேளுங்க" என்பார். பஞ்சாயத்தில் கேட்டால், "இடத்தைத்தான் கொடுத்தாரு, ரோடு போட எங்ககிட்ட ஃபண்ட் எங்க இருக்கு" என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் ஆள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற லேஅவுட்டில் ரோட்டுக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கிய இடத்தைப் புரமோட்டர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் கை மாறுவது நிலம் மட்டும். ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, தார் போட்டுத் தருவேன் என்று அவர் ஏற்ற கடமை வேறு காகிதங்களில் இருக்கிறது: அனுமதி ஆணையின் நிபந்தனைகள், ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) அவர் கொடுத்த உறுதிமொழி, உங்கள் விற்பனை ஒப்பந்தம், விளம்பர நோட்டீஸ். தானம் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னால் இந்த நாலையும் எடுத்து வைக்க வேண்டும். கிரயப் பத்திரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் வேலை நடக்காது. பெரும்பாலான கிரயப் பத்திரங்களில் "வடக்கில் 30 அடி ரோடு" என்று நான்கெல்லையில் வருவதோடு சரி, அது தாரா மண்ணா என்று ஒரு வரி இருக்காது.

லீவின் முதல் இரண்டு நாளைக் காகிதத்துக்கு வையுங்கள். உங்கள் மனைக்கு வில்லங்கச் சான்று போட்டிருப்பீர்கள். ரோட்டுக்குப் போட்டிருக்க மாட்டீர்கள். பதிவுத்துறையின் தளத்தில் லேஅவுட்டின் தாய் சர்வே எண்ணுக்கு (மனை பிரிப்பதற்கு முன்பிருந்த எண்), அனுமதி கிடைத்த வருடத்துக்கு இரண்டு வருடம் முன்னாலிருந்து வில்லங்கம் பாருங்கள். உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் ஒன்று அதில் வர வேண்டும். அதன் ஆவண எண்ணையும் வருடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்). ரோட்டுக்குத் தனி உட்பிரிவு பிரித்து, அது உள்ளாட்சிக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் தானம் பதிந்த கையோடு நின்றுபோயிருக்கும். வருவாய்க் கணக்கில் ரோடு இன்னமும் பழைய நிலச் சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். பின்னால் அவர் வாரிசு வந்து ரோட்டின் ஒரு துண்டை விற்பதும், குறுக்கே கம்பி வேலி போடுவதும் இந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு சின்ன விஷயம்: அரசுத் தளங்கள் பலவும் ஓடிபியை இந்தியக் கைபேசி எண்ணுக்கே அனுப்பும். இறங்கியதும் சிம் வாங்கிவிடுங்கள்.

லேஅவுட் 2017-க்குப் பிறகு வந்தது, 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா பதிவு எண் இருந்தாக வேண்டும். தமிழ்நாடு ரெரா தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அனுமதி வரைபடமும் வேலையை முடிக்க வேண்டிய தேதியும் முக்கியம். அனுமதியே இல்லாத பழைய லேஅவுட் என்றால் கதை வேறு. 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் விதிகள் வந்தன. அந்த லேஅவுட்டுகளில் புரமோட்டர் பெரும்பாலும் காணாமல் போயிருப்பார். மனைக்காரர்கள் கட்டிய வளர்ச்சிக் கட்டணத்தைக் காட்டி உள்ளாட்சியைக் கேட்பதுதான் அங்கே மிச்சமிருக்கும் வழி.

அடுத்தது நேரில் போய் அளப்பது. 50 மீட்டர் டேப், கடப்பாரை, ஒரு நூல்கண்டு போதும். அகலத்தைத் தார் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். எதிரெதிர் எல்லைக்கல்லுக்கு நடுவே அளக்க வேண்டும். வரைபடத்தில் 9 மீட்டர் என்றால் 29 அடி 6 அங்குலம், 7.2 மீட்டர் என்றால் 23 அடி 7 அங்குலம். விளம்பரத்தில் 30 அடி, 24 அடி என்று வருவது இதுதான். அந்த அரை அடிக்குச் சண்டை போட வேண்டாம். 30 அடி ரோடு 22 அடியாக நிற்கிறதென்றால், முதலில் வீடு கட்டியவர்களின் படிக்கட்டும் சாய்தளமும் செப்டிக் டேங்கும் ஏறி உட்கார்ந்திருக்கும். அதற்குப் புரமோட்டரைப் பிடித்துப் பயனில்லை, உள்ளாட்சிதான் அகற்ற வேண்டும். மனுவில் ரோடு போடாததையும் ஆக்கிரமிப்பையும் கலக்காதீர்கள்.

தார் போட்டிருந்தால் ஓரமாக ஒரு அடிக்கு ஒரு அடி குழி தோண்டிப் பாருங்கள். ரோடு உள்ளாட்சிக்குப் போய்விட்டிருந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டுத் தோண்டி, பிறகு மூடிவிடுங்கள். ஒழுங்காகப் போட்ட லேஅவுட் ரோட்டில் அடியில் 15 சென்டிமீட்டர் கிராவல் படுகை, அதன்மேல் 7.5 சென்டிமீட்டர் வீதம் இரண்டு அடுக்கு ஜல்லி, மேலே 2 சென்டிமீட்டர் தார்க்கலவை என்று சுமார் 32 சென்டிமீட்டர் இருக்கும். விற்பனை மும்முரத்தில் போட்ட ரோட்டில், சைட் பார்க்க வேன் வருவதற்கு முந்தின வாரம் ஜேசிபி வைத்து நிரவிய செம்மண் நாலு விரற்கடை, அதன்மேல் ஒரு வரிசை ஜல்லி, மேலே தார்ப்பூச்சு. கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பினால் தோசை மாதிரி முழுசாகப் பெயர்ந்து வரும். அடியில் ஜல்லி ஒன்றோடொன்று கவ்வாமல் தனித்தனியாக உருளும், இடையில் மண்தூள் இறங்கியிருக்காது. தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டவில்லை என்று அர்த்தம். ஏரிப் பாசன நஞ்சையை மனையாக்கிய இடம் என்றால் இன்னும் மோசம். வேரும் சேறும் கலந்த மேல்மண்ணை வழித்து எடுக்காமல் போட்ட ரோடு முதல் ஐப்பசி மழையிலேயே அலை அலையாக உட்காரும்.

நூலைக் குறுக்கே இழுத்துப் பிடித்து நடு முதுகைப் பாருங்கள். 6 மீட்டர் தாருக்கு விளிம்பைவிட நடுப்பகுதி ஏழெட்டு சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் தண்ணீர் நின்று ரோட்டைத் தின்றுவிடும். ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாய் லேஅவுட்டைக் குறுக்காக வெட்டுகிறதா என்று புலப்படத்தில் பாருங்கள். அந்த இடத்தில் கல்வெர்ட் என்கிற சிறு பாலத்துக்குப் பதிலாக ஒரு அடிக் குழாயைப் புதைத்திருந்தால் அதைத் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழாய் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மனு யாரிடம் என்பதில்தான் பலர் ஒரு வாரத்தைத் தொலைக்கிறார்கள். வேலூர் மாநகராட்சிக்குள் என்றால் மண்டல அலுவலகமும் ஆணையரும். பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், பென்னாத்தூர், திருவலம் பேரூராட்சிகளில் செயல் அலுவலர். கிராம ஊராட்சி என்றால் ஊராட்சிச் செயலரோடு நிற்காமல் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கிராம ஊராட்சிப் பிரிவுக்கும் கொடுங்கள். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்வு நாள். மனுவுக்கு எண் போட்டுத் தருவார்கள், அதை வாங்காமல் வெளியே வராதீர்கள். மனு ஒரு பக்கம் போதும்: சர்வே எண், அனுமதி எண், தானப் பத்திர எண், எந்தத் தெரு, எத்தனை மீட்டர் நீளம், அளந்த அகலம், குழியில் டேப் வைத்து எடுத்த படம். "ரோடு போட்டுத் தரவும்" என்று மட்டும் எழுதினால், "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்து கோப்பு மூடப்படும். "அனுமதி நிபந்தனைப்படி புரமோட்டர் சாலை அமைத்தாரா, அமைக்கவில்லை என்றால் என்ன நடவடிக்கை" என்று கேளுங்கள்.

இதே கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்திலும் போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். அனுமதி ஆணை, தானப் பத்திரம், உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் அந்த ரோடு ஏறிய பக்கம், புரமோட்டர் கட்டிய கட்டண ரசீது ஆகியவற்றின் நகலைக் கேட்க வேண்டும். இந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் தங்கள் பெயரில் போட முடியாது. ஊரில் இருக்கும் அண்ணனோ மாமாவோ கையெழுத்துப் போடட்டும்.

புரமோட்டருக்கு ஒப்புகையோடு விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னால் அவர் நீல டிக்கோடு முடித்துக்கொள்வார். மனையை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் வேலையின் தரத்திலோ தருவதாகச் சொன்ன வசதியிலோ குறை வந்தால், எழுதிக் கேட்ட 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்று ரெரா சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. செய்யாவிட்டால் படிவம் எம்-ல் புகார். விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தால் 12-வது பிரிவு. அதனால் பழைய விளம்பர நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். ரெராவுக்குள் வராத லேஅவுட்டுக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. வசதிகள் செய்து தருவதாகச் சொல்லி மனை விற்பது ‘சேவை’தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. புகார் போடுவதற்கான இரண்டு வருடக் கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள்.

தனி ஆளாகப் போவதைவிட ஏழு பேர் சேர்ந்து சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஒரு மனைதாரர் சங்கம் பதிவது நல்லது. சங்கத்தின் பெயரிலேயே ரெராவில் புகார் போடலாம். புரமோட்டரிடம் விற்காத மனை இன்னும் நாலு இருக்கும்போதே போட்டால் பலன் வேகமாக வரும். எல்லாம் விற்றுத் தீர்ந்தபின் அவருக்கு அவசரம் எதுவும் இருக்காது.

பதில்கள் வரும்போது நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். மனுவில் ஊர் முகவரியைக் கொடுத்து, புகாரை நடத்த ஒருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிவிட்டுப் போங்கள். கிரயம் செய்யும் அதிகாரம் அதில் வேண்டாம், மனு, புகார், ஆஜராவது மட்டும் போதும். லீவிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து எழுதி அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும்.