அலமாரிக்குள் பனி, முதுகில் மூட்டை: பிள்ளைகளுக்கு எந்தக் கதை?

ஊட்டியில் எங்கள் சபைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள், பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரை. பாதிப் பேர் இங்கிலீஷ் மீடியம், மீதிப் பேர் தமிழ் மீடியம். போன வருடம் போதகர் கொஞ்சம் பணம் கொடுத்து, "வினாவிடைப் புத்தகம் வேண்டாம்மா, ஆசையாகப் படிக்கிற மாதிரி கதை ஏதாவது வாங்கு" என்றார். சூனியக்காரி, டிராகன் என்றாலே முகம் சுளிக்கிற பெரியவர்கள் சபையில் உண்டு. அவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கடைசியில் மூன்று பெயர்கள் மிஞ்சின: நார்னியா, ஹாபிட், மோட்சப் பிரயாணம்.

முதலில் நார்னியா. சி. எஸ். லூயிஸ் எழுதி 1950 முதல் 1956 வரை வந்த ஏழு புத்தகங்கள். வாங்கும்போதே ஒரு குழப்பம் வரும். இப்போதைய தொகுப்புகளில் 1955இல் வந்த 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வுக்குத்தான் ஒன்று என்று எண் போட்டிருக்கும். கதை நடக்கும் வரிசைப்படி அது சரிதான். ஆனால் அதை முதலில் படித்தால் அலமாரியின் மர்மம் போச்சு. 1950இல் முதலில் வந்த 'த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்' புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள்.

அதில் லூசி, தொங்கும் கோட்டுகளை விலக்கிக்கொண்டு அலமாரிக்குள் போவாள். காலடியில் ஏதோ நொறுங்கும். பாச்சை உருண்டையோ என்று குனிந்து தொட்டால், பனி! சமவெளிப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியிருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வைக்கும் டிரங்குப் பெட்டியின் வாசனையும் தெரியும், ஜனவரி விடியலில் தலைகுந்தா புல்லில் உறைபனி செருப்புக்கடியில் நொறுங்கும் சத்தமும் தெரியும். வாசித்தபோது ஒருவரும் அசையவில்லை. மிட்டாய்க்கு ஆசைப்பட்டு எட்மண்ட் கூடப் பிறந்தவர்களைக் காட்டிக்கொடுக்கும் இடத்தில் மட்டும் ஒரு குரல்: "வர்க்கிக்காகன்னாகூடப் பரவாயில்லக்கா."

அஸ்லான் என்ற சிங்கம் எட்மண்டுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுக்கும்போது சின்னவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்: "இது பெரிய வெள்ளிதானே!" அவர்களுக்கு அது சந்தோஷம். பதினாறு வயதுக்காரர்களுக்கோ ஏமாந்த மாதிரி இருந்தது, இதுவும் பிரசங்கம்தானா என்று. லூயிஸைக் கேட்டால் உருவகக் கதை இல்லை என்பார். அப்படி ஓர் உலகம் இருந்து அங்கே கிறிஸ்து வந்தால் எப்படி வருவார் என்ற யோசனைதான் என்பது அவர் விளக்கம். எங்கள் பெரிய பையன்கள் அதை ஏற்கவில்லை.

ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. சில புத்தகங்களில் தலைப்பாகை கட்டிய கருநிறத்து கலோர்மன் நாட்டார்தான் எதிரிகள். எங்கள் பிள்ளைகள் யார் நிறம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பேசாமல் அந்தப் புத்தகங்களைக் கையில் கொடுக்காதீர்கள். அதே சமயம் 1952இல் வந்த 'வாயேஜ் ஆஃப் த டான் ட்ரெடர்' ஒன்றுக்காகவே நார்னியா வாங்கலாம். டிராகனாக மாறிய யூஸ்டஸ் என்ற பையன் தன் தோலைத் தானே மூன்று முறை உரித்துப் பார்ப்பான், அடியில் மறுபடியும் டிராகன் தோல்தான். கடைசியில் சிங்கத்தின் நகம் ஆழமாக இறங்க வேண்டியிருக்கும். மனந்திரும்புதலைப் பற்றி நான் நடத்திய பாடம் எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது.

அடுத்தது ஹாபிட், 1937. எழுதிய டோல்கீன் பக்தியுள்ள கத்தோலிக்கர். 1931இல் ஆக்ஸ்போர்டில் ஓர் இரவு நெடுநேரம் பேசி, லூயிஸைக் கிறிஸ்துவிடம் நெருங்க வைத்தவர்களில் ஒருவர். ஆனால் இவர் கதையில் கோயில் இல்லை, சிலுவை இல்லை, யாரும் மண்டியிட்டு ஜெபிப்பதும் இல்லை. "இதில் ஆண்டவர் எங்கே?" என்று ஒரு மூப்பர் கேட்டார். குகை இருட்டில், கையில் வாளோடு, தன்னைத் தேடும் கோல்லம் என்ற குகைவாசியைக் கொல்லாமல் கதாநாயகன் பில்போ தாண்டிப் போகும் பக்கத்தைக் காட்டினேன். பிறகு வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முழுவதும் அந்த ஒரு இரக்கத்தின் மேல்தான் நிற்கிறது. அதில் தீய மோதிரம் அழியும் நாள்கூட மார்ச் 25, மரியாளுக்குத் தூதன் செய்தி சொன்ன திருநாள். மூப்பர் தலையாட்டினார், அவ்வளவுதான். பிரசங்கம் பிடிக்காத பெரிய பிள்ளைகளுக்கு இதுதான் சரி. ஆனால் இங்கிலீஷில் சரளமாகப் படிக்கிறவர்களுக்கு மட்டும்.

மோட்சப் பிரயாணத்தைக் கடமைக்குத்தான் சேர்த்தேன். ஜான் பனியன் எழுதியது, 1678இல் வந்தது. பாவ மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு மோட்சத்துக்குப் புறப்படும் கிறிஸ்தியான் என்பவரின் கதை. பாத்திரங்களின் பெயரிலேயே குணம் எழுதி ஒட்டியிருக்கும். இதை எந்தப் பிள்ளை படிக்கும்? ஆனால் மூன்றில் இது ஒன்றுதான் எங்களுக்குத் தமிழில் கிடைத்தது. சத்தமாக வாசித்தோம். மனைவி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட, காதைப் பொத்திக்கொண்டு கிறிஸ்தியான் ஓடும் இடத்தில் பெரிய சண்டை. "வீட்ட விட்டுட்டு ஓடுறவரு எப்படி நல்லவரு?" 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மனைவியும் பிள்ளைகளும் அதே வழியில் புறப்படுவார்கள் என்று சொன்ன பிறகுதான் அடங்கினார்கள். சிலுவையருகே முதுகு மூட்டை தானாக அவிழ்ந்து உருண்டபோது, எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் சொன்னாள்: "அம்மா சாயங்காலம் கொழுந்து மூட்டைய எடை போட எறக்குவாங்கக்கா. கொஞ்ச நேரம் நிமிரவே மாட்டாங்க." நார்னியாவுக்கு அந்த அறையில் இப்படி ஒரு பேச்சு கிடைக்கவில்லை.

அந்தத் தெம்பில், இதே கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பாடிய இரட்சணிய யாத்திரிகத்தையும் (1894) எடுத்துப் பார்த்தேன். அருமையான விருத்தங்கள். நான்காவது பாட்டில் பாதிப் பேர் ஜன்னல் வழியாக மேகம் பார்த்தார்கள். சரி, காவியம் கல்லூரிக்குப் போன பிறகு.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது: நார்னியா ஏழும் வேண்டாம், முதல் புத்தகமும் டிராகன் புத்தகமும் போதும். மிச்சப் பணத்தில் மோட்சப் பிரயாணம் ஐந்து பிரதி வாங்கி, வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் வாசியுங்கள். ஹாபிட் ஒரே ஒரு பிரதி. எங்களுடையதை ஒரு பதினாறு வயதுப் பையன் எடுத்துப் போய் இரண்டு மாதமாகிறது. இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.