ஆவுளியாவுக்கு வட்ட வால்: கடற்கரை டாட்டூ கடை பற்றி ஓர் எச்சரிக்கை

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் டாட்டூ போட யோசிப்பவர்கள், அதிலும் ஒன்றிரண்டு போட்டு மேற்கொண்டு சேர்த்துக்கொண்டே வருபவர்கள், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரை எழுதவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

என் இடது கை முழுக்கக் கடல்தான். சங்கு, நாட்டுப்படகு, நடுவில் இரண்டாகத் திறந்து நிற்கும் 1914ஆம் வருஷத்துப் பாம்பன் பாலம். எல்லாமே மதுரையில் ஒரே அண்ணன் போட்டது. பாலத்துக்குக் கீழே ஒரு வரி பொடி எழுத்தில் வேண்டும் என்று கேட்டேன், "வேணாம் தம்பி, நாலஞ்சு வருஷத்துல எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலங்கிடும்" என்று வருகிற காசை வேண்டாம் என்றார். அப்படி மறுக்கத் தெரிந்தவரிடம்தான் தைரியமாகக் கையை நீட்டலாம். அவர் துபாய்க்குப் போய்விட்டார். அடுத்து ஆவுளியா, அதாவது கடல்பசு, போட வேண்டும், புஜத்தின் பின்பக்கம், அதற்கு ஊர்ப்பக்கமே ஆள் இருந்தால் நல்லது என்று தேடினேன்.

கிடைத்த கடையின் இன்ஸ்டாகிராம் பக்கம் பிரமாதமாக இருந்தது. புதிதாகப் போட்ட டாட்டூ எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும் என்பதால் ஆறிய பிறகு எடுத்த படங்களைக் கேட்டேன், அதையும் அனுப்பினார்கள். கோடுகள் அவ்வளவு சுத்தம். அவை வேறொரு ஊர் ஆர்டிஸ்ட்டின் வேலை, ஓரத்தில் இருந்த அவருடைய பெயரை வெட்டிவிட்டுத் தங்கள் படமாகப் போட்டிருக்கிறார்கள் என்பது பிறகு அந்த ஆர்டிஸ்ட்டிடமே பேசியபோதுதான் தெரிந்தது. பேசிய தொகை 6,500 ரூபாய். 3,000 முன்பணம், மீதியை ஊசி தொடுவதற்கு முன்பே வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஓனர்தான் ஸ்டென்சில் (படத்தைத் தோலில் பதிக்கிற அச்சு) ஒட்டினார், கண்ணாடியில் காட்டினார், நான் வரைந்து கொடுத்தது அப்படியே சரியாக இருந்தது. ஆவுளியாவின் முதுகுப்பக்கம் கோடு போட ஆரம்பித்தவர், போன் வந்ததும் "தம்பி பார்த்துப்பான், நம்ம கைதான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார், போனவர் போனவர்தான். தம்பி என்பது வேலை கற்றுக்கொள்ள வந்த பையன். அவன் அழுத்தி அழுத்தித் துடைத்ததில் பின்பாதி ஸ்டென்சில் அழிந்துவிட, எனக்குத் தெரியாத அந்தப் பின்பக்கத்தில், செல்போனில் ஏதோ படத்தைத் தேடி எடுத்து அதைப் பார்த்து வரைந்திருக்கிறான். அது மானட்டீ. அமெரிக்கா, ஆப்பிரிக்கா பக்கம் இருக்கிற உறவுக்கார விலங்கு, வால் துடுப்பு மாதிரி வட்டமாக இருக்கும். நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிற ஆவுளியாவுக்கு டால்பின் போலப் பிளந்த வால். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். என் சித்தப்பா பார்த்துவிட்டு, "என்னடா, கறிக்கடை அகப்பையைப் போட்டுட்டு வந்திருக்க?" என்றார்.

வால் போகட்டும், கோடுகளைச் சுற்றி நீலமாக நிழல் கட்டியிருக்கிறது. மை தோலின் நடு அடுக்கில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும். ஊசி அதைத் தாண்டிக் கொழுப்புக்குள் இறங்கினால் மை பரவிவிடும், பரவியதை டச்-அப் செய்து திரும்பக் கூட்ட முடியாது. ஓனர் என்னவோ "டச்-அப் ஃப்ரீயா பண்ணித் தர்றேன்" என்றார். பணத்தைக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது கடைசியில் நடந்தது. குப்பியில் மீந்த என் மையை அந்தப் பையன் பெரிய பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றினான். அந்தக் குப்பியில் ஊசி தோய்ந்திருக்கிறது, ஊசியில் என் ரத்தம் இருந்திருக்கிறது. அப்படியென்றால் எனக்கு முன்னால் வந்தவர்களுடையதும் அந்தப் பாட்டிலில் இருக்கும் அல்லவா? ஊசி புதிது, கண்முன்னே கவரைப் பிரித்தோம் என்பதில் என்ன பிரயோஜனம்? மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். எச்ஐவி சோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம், பெயர் வெளியே போகாது. முதல் சோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் உடனே எல்லாம் தெரிந்துவிடாது என்பதால் சில மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே வடநாட்டு யாத்ரீகர் ஒருவர் கையில் சூலம் போட்டுக்கொண்டு, அக்னி தீர்த்தத்தில் குளிக்கலாமா என்று கேட்டார். "உப்புத்தண்ணி பட்டா சீக்கிரம் ஆறும்" என்று அனுப்பி வைத்தார்கள். புண் அது! தோல் உரிந்து மூடுகிற வரைக்கும், சுமாராக இரண்டு முதல் நான்கு வாரம், கடலிலோ குளத்திலோ முக்கவே கூடாது. அந்தக் கூட்டத்தில் கேட்கவே வேண்டாம்.

கழுத்தில் பெயர் போட ஒரு பையன் காத்திருந்தான், பட்டாள செலக்ஷனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறானாம். ராணுவத்தின் அக்னிவீர் விதிப்படி முன்கையின் உள்பக்கமும் புறங்கையும்தான் அனுமதி, பழங்குடியினருக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. கடையில் யாரும் வாய் திறக்கவில்லை, நான்தான் சொன்னேன், முறைத்தார்கள். பையன் எழுந்து போய்விட்டான், அந்த மட்டும் சந்தோஷம்.

மதுரை அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். முழுசாக ஆறட்டும், அதுவரை யாரையும் கைவைக்க விடாதே, ஊருக்கு வரும்போது வாலைச் சுற்றிக் கடற்புல் வளர்த்து மூடிவிடலாம் என்றிருக்கிறார். லேசர் யோசனையும் இருக்கிறது, ஆனால் அது பல தடவை போய் வர வேண்டிய வேலை, காசும் அதிகம்.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் சாட், ஜிபே ரசீது, டாட்டூ போட்ட அன்றும் ஆறிய பிறகும் எடுத்த படங்கள் எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். ஆணையத்துக்கே போவதென்றால், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். மையைத் திருப்பி ஊற்றுவதை நேரில் பார்த்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.