சிகரெட் அட்டைச் சிப்பாய்கள்: எந்த வரிசை தேறும்?

அந்தக் காலத்து சிகரெட் பாக்கெட் வெறும் தாள், சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்கச் செருகிய அட்டையில் படம் அச்சடித்தால் வாங்குபவன் மறுபடியும் வருவான் என்று 1880களில் கம்பெனிக்காரர்களுக்குப் பிடிபட்டது. நடிகைகள், பறவைகள், கொடிகள் என்று எத்தனையோ வந்தாலும் பட்டாளப் படங்களுக்கு மவுசு குறையவே இல்லை. ராணுவ வரலாறு பேசுகிறவர்கள் பேசட்டும், நான் பார்ப்பது ஒன்றுதான்: விளம்பர ஓவியமாக எது நிற்கிறது?

முதலில் அமெரிக்காவின் ஆலன் அண்ட் கின்டர், 1888, 'மாபெரும் தளபதிகள்', 50 அட்டைகள். கம்பெனி இருந்த ரிச்மண்ட், உள்நாட்டுப் போரில் தெற்கத்தியரின் தலைநகர். பங்குதாரர் லூயிஸ் கின்டரும் அந்தப் படையில் இருந்தவர். ஆனால் வரிசையில் தெற்கின் லீயும் இருக்கிறார், அவரைத் தோற்கடித்த வடக்கின் கிராண்டும் இருக்கிறார்! சண்டை ஓய்ந்து 23 வருஷம்தான் ஆகியிருந்தது, சிகரெட்டை இரண்டு பக்கமும் விற்றாக வேண்டுமே. ஓவியத்தைவிட எனக்குப் பிடித்தது பின்பக்கம்தான். வரிசையில் யார் யார் என்ற முழுப் பட்டியல் அங்கே இருக்கும், உங்களிடம் எது இல்லை என்பதை அட்டையே சொல்லிக்காட்டிவிடும். தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு இந்த அரிப்பு புரியும்.

அடுத்து நாட்டிங்ஹாமின் ஜான் பிளேயர் அண்ட் சன்ஸ், 1912, 'ரெஜிமெண்ட் சீருடைகள்'. அழகு என்றால் இதுதான். சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை, கரடித்தோல் தொப்பி, அழுக்கே படாத பூட்ஸ். ஆள் சும்மா நிற்கிறான், யாரையும் சுடவில்லை. இதில் ஒரு வேடிக்கை: 1902லேயே பிரிட்டிஷ் ராணுவம் அன்றாடச் சீருடையைக் காக்கிக்கு மாற்றிவிட்டது, இந்தச் சிவப்பெல்லாம் அப்போது அணிவகுப்புக்கும் விழாவுக்கும் மட்டும்தான். சண்டைக்குப் போட்டுப் போகாத உடுப்பைத்தான் அத்தனை ஆசையாக வரைந்து விற்றிருக்கிறார்கள்.

பெல்ஃபாஸ்ட்டின் கேலஹர் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் உலகப் போர் நடக்கும்போதே பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை வாங்கிய வீரர்களை, 25 அட்டை வீதம் 8 தொடராக, மொத்தம் 200 அட்டைகளில் போட்டார்கள். எல்லாரும் காக்கி, பின்னால் சேறு. நிறத்தால் கண்ணை இழுக்க முடியாது, அதனால் புகை, வெடி, காயம்பட்டவனைத் தூக்கி ஓடும் தோழன் என்று ஓவியர் சம்பவத்தை நம்ப வேண்டியிருந்தது. தீப்பெட்டி அகலத்தில் இத்தனை கூட்டம் எடுபடாது, பல அட்டைகள் குழம்பித்தான் கிடக்கின்றன. பின்பக்கத்துக் கதைகள் மட்டும் விறுவிறுப்பு. படிக்க கேலஹர், பார்க்க பிளேயர், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கரேராஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 1916இல் டச்சு ஓவியர் ரேமேக்கர்ஸின் போர்க் கேலிச்சித்திரங்களை 140 அட்டைகளாகப் போட்டது. அது நேரடிப் பிரச்சாரம், இந்தப் போட்டியில் சேராது.

கடைசியாக, கடைக்கே வராத ஒன்று. வாட்டர்லூ போரின் நூற்றாண்டுக்காக 1915இல் பிரிட்டனின் வில்ஸ் கம்பெனி 50 அட்டைகளைத் தயார் செய்துவிட்டது. 1815இல் எதிரியாக இருந்த பிரான்ஸ் இப்போது கூட்டாளி. அவர்கள் மனம் புண்படுமே என்று முழு வரிசையையும் நிறுத்திவிட்டார்கள். லீயையும் கிராண்டையும் ஒரே வரிசையில் போட்ட அதே வியாபாரக் கணக்குதான், இந்த முறை படத்தையே முழுங்கிவிட்டது.