சாட்ஸ்வொர்த் அரசுப் பள்ளியில் 12 வருடம்

திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். இங்கே இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம். மகளை 2013-ல் பக்கத்து அரசுப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தேன், 2024-ல் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்தாள். மகன் இந்த வருடம் ஏழாம் வகுப்பு. ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் "அங்கே அரசுப் பள்ளியை நம்பலாமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

நம்பலாம். மகளுக்குக் கணக்கு எடுத்த டீச்சர் மெட்ரிக் வருடம் முழுக்க சனிக்கிழமை காலையில் வந்து பாடம் நடத்தினார், அதற்கு யாரிடமும் ஒரு ராண்ட் வாங்கவில்லை. மகள் இந்த ஊர் மொழியான ஜூலு நன்றாகப் பேசுகிறாள். தமிழ் மட்டும் கோயில் வகுப்பில்தான் படித்தாள். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, ஆனாலும் எங்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 2020-ல் கொரோனா, 2021 ஜூலைக் கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம் என்று அடிமேல் அடி விழுந்தும் பள்ளி எழுந்து நின்றது.

ஆனால் அரசுப் பள்ளி என்றால் இலவசம் என்று நினைத்து வந்துவிடாதீர்கள். ஏழைப் பகுதியிலிருந்து வசதியான பகுதி வரை பள்ளிகளை ஐந்து தட்டாகப் பிரித்திருக்கிறார்கள், இங்கே குவின்டைல் என்பார்கள். பொதுவாக முதல் மூன்று தட்டுக்குக் கட்டணம் இல்லை. நான்கும் ஐந்தும் கட்டணம் வாங்கலாம். அதற்கேற்ப அரசு தரும் செலவுப் பணம் குறையும், ஐந்தாம் தட்டில் ஒரு பிள்ளைக்கு ஒதுக்குவது இலவசப் பள்ளிப் பிள்ளைக்கு ஒதுக்குவதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். தட்டை முடிவு செய்வது பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வருமானம், வேலையின்மை, படிப்பறிவு. உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது கணக்கில் வராது. என் மகன் வகுப்பில் 43 பேர், அதில் பாதிக்கு மேல் ஏழைகள் குடியிருக்கும் வெல்பெடாக்ட், பாட்டில்பிரஷ் பக்கத்திலிருந்து டாக்ஸியிலும் நடந்தும் வருகிறவர்கள். பள்ளியைச் சுற்றி இருக்கும் நல்ல வீடுகளை வைத்து அந்தப் பிள்ளைகளையும் வசதியானவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

2018-லிருந்து மூன்று வருடம் ஆரம்பப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருந்தேன். அப்போதுதான் கணக்கு புரிந்தது. அரசு சம்பளம் தரும் ஆசிரியர்கள் போதாமல், கட்டணப் பணத்திலிருந்து நாங்களே இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தோம். கழிப்பறைக் குழாயும் நகல் எடுக்கும் தாளும்கூட அதிலிருந்துதான். பெற்றோர் கட்டவில்லை என்றால் ஒரு வகுப்புக்கு டீச்சரே இருக்க மாட்டார்.

ஒரு நாள் ஒரு பாட்டி வந்தார், வீட்டு வேலை செய்கிறவர். பேரனுக்கு மாதம் நூறு நூறு ராண்டாகக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார், அந்த மாதம் முடியவில்லை என்று சொல்லி அழுதார். பேரனுக்காக அவர் அரசின் குழந்தை உதவித்தொகை வாங்குகிறார். அந்த உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குச் சட்டப்படி கட்டணத்திலிருந்து தானாகவே முழு விலக்கு உண்டு. மற்றவர்களுக்கும், குடும்ப வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கட்டணம் இருந்தால் முழு விலக்கு, அதற்குக் கீழே ஓரளவு வரைக்கும் பகுதி விலக்கு. அவருக்கு இதை யாருமே சொல்லவில்லை. நான் குழுவில் கேட்டேன். "எல்லாருக்கும் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள், பள்ளியை எப்படி நடத்துவது?" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். விலக்குக் கொடுத்த பணம் முழுவதும் பள்ளிக்குத் திரும்பி வருவதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகமாகக் கதவைத் திறக்கும் பள்ளிக்கே இழப்பும் அதிகம்.

எங்கள் ஆட்களிடமும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. என் மாமியார் டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மெகசின் பாரக்ஸில் பிறந்தவர். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950-ல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் பின்னால் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்ட குடும்பம். "எங்களுக்கு மத்தியானம்தான் பள்ளிக்கூடம், காலையில வேற பிள்ளைங்க உட்கார்ந்த பெஞ்சு" என்பார். பிளாட்டூன் முறை என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் இந்தியர்கள் கைக்காசு போட்டுக் கட்டிய பள்ளிகள் இந்த மாகாணத்தில் ஏராளம், மீதியைத்தான் அரசு போட்டது. அதனால் பள்ளிக்குப் பணம் கொடுப்பது இங்கே பெருமை, முடியாது என்று படிவம் நீட்டுவது அவமானம். அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன், ஆனால் அடுத்த வீட்டு ஏழையின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தும்போது மனசு கேட்கவில்லை. வசதி உள்ளவர்கள் கட்டட்டும், நாங்களும் கட்டுகிறோம். தட்டை மட்டும் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை எண்ணி முடிவு செய்யுங்கள், விலக்குப் பணத்தைப் பள்ளிக்கு முழுசாகத் திருப்பிக் கொடுங்கள்.

அதுவரைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: வருடக் கடைசியில் பட்ஜெட் கூட்டம் நடக்கும், கட்டாயம் போங்கள். கட்டணத்தை முடிவு செய்வது அங்கே கை தூக்கும் பெற்றோர்தான். கட்டணம் பாக்கி என்று பிள்ளையின் ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கவும் பள்ளிக்கு உரிமை இல்லை.

அந்தப் பாட்டியின் பேரனும் என் மகனும் அடுத்த வருடம் ஒரே உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே கொடுத்த சேர்க்கைத் தாள்களில் விலக்குப் படிவம் இல்லை. அலுவலகத்தில் கேட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து நிரப்பப் போகிறோம்.