பட்டறை வாசனை இல்லாத பந்தயம்: '2 ஃபாஸ்ட் 2 ஃபியூரியஸ்'

2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் நாயகன் பிரையன் முதல் பந்தயத்திலேயே தோற்றுப்போகிறான். தோல்வி மட்டும் என்றால் அந்தக் காட்சி மறந்தே போயிருக்கும். என்ஜின் பலத்தை நொடியில் கூட்டும் நைட்ரஸ் வாயுவை அளவு தெரியாமல் திறந்துவிட்டதில் பிஸ்டன் ரிங் கருகி, என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் வண்டி வந்து நிற்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, எந்த ஊர்ப் பட்டறையில் அந்தக் காட்சியைப் போட்டாலும் அங்கே இருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ரிங் போனால் நீலப்புகை வரும் என்பது டீசல் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிக்கே தெரியும். ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை லேத்துக்கு அனுப்பி சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணி, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, புது ரிங்கும் கேஸ்கெட்டும் வைத்து மூடினாலும் வேலை முடியாது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் அடக்கி ஓட்டினால்தான் ரிங் சிலிண்டரோடு ஒத்து உட்காரும். ஒரு பந்தயத்தின் விலை இது என்று அந்தப் படம் காட்டியது.

இரண்டாம் பாகமான '2 ஃபாஸ்ட் 2 ஃபியூரியஸ்' 2003 ஜூன் 6-ல் வெளியானது. 107 நிமிடம். செலவு 7.6 கோடி டாலர், ஏறக்குறைய முதல் படத்தைப் போல இரண்டு மடங்கு. உலகம் முழுக்க 23 கோடி டாலருக்கு மேல் வசூலும் செய்தது. ஆனால் அந்தப் பட்டறையை மட்டும் காணோம்.

கதை இதுதான். லாஸ் ஏஞ்சலிஸில் குற்றவாளியைத் தப்பவிட்ட பிரையன் இப்போது போலீஸ் வேலையை இழந்து மயாமியில் பந்தயம் ஓட்டிப் பிழைக்கிறான். பிடிபட்டதும் பேரம் நடக்கிறது: போதைமருந்துக் கும்பல் தலைவன் கார்ட்டர் வெரோனிடம் டிரைவராகச் சேர்ந்து உளவு சொன்னால் வழக்குகள் ரத்தாகும். துணைக்கு பால்ய நண்பன் ரோமனை அழைத்துக்கொள்கிறான். முதல் படத்தின் இன்னொரு நாயகன் வின் டீசல் இதில் இல்லை. பிரையனாக பால் வாக்கரும் ரோமனாக டைரிஸ் கிப்ஸனும்தான் படத்தைத் தூக்கிச் சுமக்கிறார்கள்.

சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. உளவு வேலைக்கான வண்டிகளை அரசாங்கமே கொடுக்கிறது. பிரையனுக்கு மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 7, ரோமனுக்கு மிட்சுபிஷி எக்லிப்ஸ் ஸ்பைடர். சாவியை நீட்டுகிறார்கள், வாங்கிக்கொள்கிறார்கள். முதல் படத்தில் பந்தயத்தில் தோற்று பிரையன் பட்ட கடனே ஒரு பத்து நொடி வண்டி, அதாவது கால் மைலை, 402 மீட்டரை, பத்துச் சொச்சம் நொடியில் கடக்கும் வண்டி. குப்பையில் கிடந்த சுப்ராவைத் தூக்கி வந்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி, இரவு பகலாகக் கட்டினார்கள். கட்டியவன் ஓட்டும்போது நமக்குப் பதறியது. கொடுத்த வண்டி உடைந்தால் யாருக்கு நஷ்டம்? இந்தப் படம் முழுக்க நாயகர்கள் ஓட்டும் வண்டிகளில் அவர்கள் கைப்பட்ட ஒரு போல்ட்டுகூட நம் கண்ணில் படுவதில்லை.

முதல் படத்திலும் தொழில்நுட்பத் தப்பு உண்டு. டபுள் கிளட்ச் போடவில்லை, அதாவது ஒரு கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்கவில்லை என்று பிரையனைத் திட்டுவார்கள். கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோமெஷ் உள்ள நவீன கியர்பாக்ஸில் அதற்கு வேலையே இல்லை. அந்தக் காலத்து லாரி ஓட்டியவர்களுக்குத்தான் அந்தப் பழக்கம் தேவைப்பட்டது. ஆனாலும் அந்தத் தப்பு பட்டறைப் பேச்சிலிருந்து வந்த தப்பு. இரண்டாம் பாகத்தின் தப்புகள் வண்டியைத் தொட்டே பார்க்காதவர்கள் செய்தவை போல இருக்கின்றன.

நைட்ரஸையே எடுத்துக்கொள்வோம். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அது ஏதோ ராக்கெட் எரிபொருள் என்று நம்பிய பையன்கள் நம் பக்கமும் உண்டு. நைட்ரஸ் ஆக்ஸைடு தானாக எரியாது. சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது பிரிந்து ஆக்ஸிஜனைத் தரும், அவ்வளவுதான். காற்றில் எடைக்கு 23 சதவீதம் ஆக்ஸிஜன், நைட்ரஸில் 36. கூடுதல் ஆக்ஸிஜன் வந்தால் அதற்கு ஈடாகக் கூடுதல் பெட்ரோலும் சேர வேண்டும். பெட்ரோல் குறைந்தால் கலவை வறண்டு, டிடனேஷன் ஆகி, அதாவது கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிந்து, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். அதனால்தான் ஐம்பது குதிரைத்திறன் கூட்டினால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, இரண்டு டிகிரியாவது பின்னால் தள்ளுவார்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றை (ஆர்.பி.எம்) தாண்டிய பிறகுதான் திறப்பார்கள். அதற்கு முன்னால் திறந்தால் காற்று உள்ளே போகும் இன்டேக்கில் திருப்பி அடித்து மேனிஃபோல்டே வெடிக்கவும் கூடும். நைட்ரஸ் பாட்டில் சரியான சூட்டில் இருந்தால் உள்ளே அழுத்தம் 900 முதல் 1000 பி.எஸ்.ஐ வரை இருக்கும். வாயு வெளியேற வெளியேற பாட்டில் குளிர்ந்து அழுத்தம் இறங்கும், பலனும் இறங்கும். பத்துப் பவுண்டு பாட்டில் நூறு குதிரைத்திறன் கூட்டும் அமைப்பில் மொத்தமே ஒன்றிரண்டு நிமிடம்தான் தாங்கும்.

இதில் எவ்வளவு நாடகம் இருக்கிறது பாருங்கள். எப்போது திறப்பது, எவ்வளவு மிச்சம், என்ஜின் தாங்குமா. ஒரு நல்ல இயக்குநருக்கு இவ்வளவு போதும். படமோ ஒரு பொத்தானை அழுத்தினதும் வெளிச்சக் கோடுகளை நீட்டிக் காட்டி, வண்டியை முன்னே தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. உச்சமாக, நைட்ரஸ் அழுத்தத்தால் பக்கத்து சீட்டோடு அடியாளைத் தூக்கி வெளியே எறிகிறார்கள். எண்பது கிலோ ஆளைச் சீட்டோடு மேலே வீச, அந்த விசை முழுவதும் நொடியில் ஒரு சிறு பங்குக்குள் சேர வேண்டும். போர் விமானத்தில் அதற்கு வெடிமருந்து வைக்கிறார்கள். மெல்லிய குழாய் வழியாக வரும் வாயு அந்த வேலையைச் செய்யாது.

தொடக்கப் பந்தயத்துக்கு வருவோம். நிசான் ஸ்கைலைன் ஜி.டி-ஆர் ஆர்34, ஹோண்டா எஸ்2000, மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டொயோட்டா சுப்ரா, நான்கும் ஒரே கோட்டில் நிற்கின்றன. ஸ்கைலைனில் 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, நான்கு சக்கர இழுவை. எஸ்2000-ல் 2 லிட்டர், டர்போ இல்லை, 9000 ஆர்.பி.எம் வரை முறுக்கினால்தான் பலம் வரும். ஆர்எக்ஸ்-7-ல் பிஸ்டனே கிடையாது, ரோட்டரி என்ஜின். நான்கும் நான்கு குணம். வளைவில் எது மிஞ்சும், புறப்பாட்டில் எது முந்தும் என்று சொல்லியிருந்தால் பார்ப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். படம் நான்கு நிறங்களை மட்டும் காட்டுகிறது.

நம் ஊர் ரேக்ளாவில் இந்தக் கணக்கு எவ்வளவு துல்லியம்! காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர்ப் பக்கம் கூடும் கூட்டத்தில் நின்று கேளுங்கள். பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, பிரிவுக்குப் பிரிவு தூரத்தை மாற்றி வைப்பார்கள். எந்த மாடு போகும்போது முந்தும், எது திரும்பி வரும்போது மூச்சு வாங்கும் என்று சாலையோரம் நிற்கும் சிறுவன்கூடச் சொல்வான். அதனால்தான் கடைசி நூறு அடியில் கூட்டம் எழுந்து நிற்கிறது. இந்தப் படத்திலும் போய்த் திரும்பி வரும் பந்தயம் ஒன்று இருக்கிறது. கொடுத்த வண்டிகளில் ஜி.பி.எஸ் இருப்பதால் போலீஸுக்குத் தெரியாத வண்டி வேண்டும். அதற்காக ஆர்.சி புத்தகத்தையே பணயம் வைத்து, 1969 கமாரோவும் 1970 டாட்ஜ் சாலஞ்சரும் வைத்திருப்பவர்களை வம்புக்கு இழுக்கிறார்கள். படத்தின் நல்ல யோசனைகளில் ஒன்று. பலம் குறைந்த சின்ன என்ஜின், எதிரே எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி8. திருப்பத்தில் எடை குறைந்த வண்டி எங்கே மீட்கும் என்று நிதானமாகக் காட்டியிருந்தால் படத்தின் இதயமே இதுவாக இருந்திருக்கும். சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள்.

அடுத்து, தொடக்கப் பந்தயத்தில் தூக்குப்பாலத்தைத் தாவும் காட்சி. அணைக்கரைப் பாலத்தில் எதிர்வண்டிக்காக ஓரம் கட்டிக் காத்திருந்து பழகியவர்களுக்கு அது பெரிய கனவுதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு ஒன்று உண்டு. 100 கிலோமீட்டர் வேகத்தில் 10 டிகிரி சாய்வில் கிளம்பும் வண்டி ஏறத்தாழ 27 மீட்டர் பறந்து, ஒரு நொடிக்குப் பிறகு அதே உயரத்தில் இறங்கும். இறங்கும் அடி, வண்டியை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து நேராகப் போட்டதற்குச் சமம். என்ஜின் முன்னால் இருப்பதால் மூக்கு தாழும். முன்சக்கரம்தான் முதலில் அடிபடும். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் வளையும், ஷாக் அப்சார்பர் மேடை உள்ளே குத்தும், என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப் உடையும். சம்ப் உடைந்தால் ஆயில் பிரஷர் விழுந்து என்ஜின் சீஸ் ஆகிவிடும். சண்டைக் காட்சிக்காரர்கள் டிக்கியில் எடை ஏற்றித்தான் சமன் செய்வார்கள். படத்தில் ஸ்கைலைன் இறங்கின வேகத்திலேயே போய் எல்லைக் கோட்டைத் தொடுகிறது. கடைசியில் கமாரோவை உல்லாசப் படகின் மேல் பாய்ச்சுகிறார்கள். ஏர்பேக் இல்லாத 1969 மாடல். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஐந்து மீட்டருக்குள் நின்றால் உள்ளே இருப்பவர் மேல் அவர் எடையைப் போல எட்டு மடங்கு பாரம் விழும். இருவரும் உயிரோடு இறங்கிப் பேசுகிறார்கள்.

நெடுஞ்சாலையில் பிரையன் வண்டியைத் திருப்பி, மற்றவர்களைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓட்டும் காட்சி இன்னும் மோசம். ரிவர்ஸ் கியரின் விகிதம் முதல் கியரை ஒட்டியது. ஐம்பது அறுபதைத் தாண்டினால் என்ஜின் கத்தும். பின்னோக்கிப் போகும்போது முன்சக்கரங்கள் தாமாக நேராவதில்லை, ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கம் ஒடிக்கப் பார்க்கும். வரப்போரம் டிராக்டர் டிரெய்லரைப் பின்னால் எடுத்துப் பார்த்தவருக்கு, பின்னோக்கிப் போகும் எதுவும் எவ்வளவு சீக்கிரம் கோணும் என்று கை சொல்லும்.

வேகம் என்பது திரைக்கு வெளியே என்ன செய்யும் என்பதற்கு இந்தப் படத்தின் நாயகனே வேதனையான சாட்சி. 2013 நவம்பர் 30-ல் போர்ஷே கரேரா ஜி.டி விபத்தில் பால் வாக்கர் இறந்தார். ஓட்டியவர் நண்பர், அவரும் இறந்தார். 45 மைல் வேகம் அனுமதித்த சாலையில் வண்டி 80 முதல் 93 மைல் வேகத்தில் போனது என்றும், டயர்களுக்கு ஒன்பது வயது என்றும் விசாரணை சொன்னது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதானால் இறுகிப் பிடிப்பை இழக்கும். உங்கள் வண்டி டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும் நம் பக்கத்தில் பிடிப்பில்லாத டயரோடு வேகமாகப் போவது உயிர் விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். போலீஸைக் குழப்ப ஒரு கிடங்கிலிருந்து வண்டிகள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டு எல்லாத் திசையிலும் சிதறும் காட்சி அபாரம். கரை உடைந்த வாய்க்கால் வயலில் பரவுவது போல இருக்கும். அதில் மாயமில்லை, திட்டம் இருக்கிறது, நகரம் தெரிகிறது. போலீஸ் அதிகாரியின் வயிற்றில் எலியை விட்டு, மேலே வாளியைக் கவிழ்த்துச் சூடேற்றும் காட்சியில் வெரோன் உண்மையாகவே பயமுறுத்துகிறான். அந்தக் கொடூரம் படத்தில் வேறெங்கும் இல்லை. டைரிஸ் கிப்ஸன் வாயைத் திறக்கும்போதெல்லாம் படம் உயிர் பெறுகிறது. ஈவா மெண்டிஸுக்கு உளவாளி வேடம், ஆனால் அவர் எந்தப் பக்கம் என்ற சந்தேகத்தைக் கட்டியெழுப்ப எழுத்தாளர்கள் நேரமே ஒதுக்கவில்லை. 'பாய்ஸ் இன் தி ஹுட்' மூலம் 24 வயதிலேயே சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஜான் சிங்கிள்டனா இதை இயக்கினார் என்ற வருத்தம் கடைசி வரை போகவில்லை. ஒரு தெருவையும் அதன் மனிதர்களையும் அவ்வளவு நெருக்கமாகக் காட்டத் தெரிந்தவர், மயாமியின் பந்தயக்காரர்களை அலங்காரமாக மட்டும் நிறுத்திவிட்டார்.

பார்க்கத்தான் வேண்டும் என்றால் தொடக்கப் பந்தயத்தையும் அந்தக் கிடங்குக் காட்சியையும் பாருங்கள். நேரம் இருந்தால் ஆர்.சி பந்தயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றதற்கு 2006-ல் வந்த 'டோக்கியோ டிரிஃப்ட்' எவ்வளவோ மேல். அதில் நாயகன் வண்டியை இடித்து நாசமாக்கி, அந்தக் கடனோடு கற்றுக்கொள்கிறான்.

இந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் வழக்குகள் தீர்ந்து, வெரோனின் பணத்தில் கொஞ்சம் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நண்பர்கள் இருவரும் நடந்து போகிறார்கள். இனி என்ன செய்வது என்று பேச்சு வருகிறது. மயாமியிலேயே தங்கி ஒரு பட்டறை போடலாம் என்கிறான் பிரையன். அதோடு படம் முடிந்துவிடுகிறது.